வீட்டில் கேக் செய்து விற்கிறேன். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 34, இரண்டு பிள்ளைகள். கணவர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டுகிறார். லோடு இல்லாத வாரம் வருமானமும் இல்லை. முதல் மாடி வாடகை வீட்டில் ஓடிஜி எனப்படும் ஒரு சின்ன மின்சார ஓவனை வைத்துக்கொண்டு இவர் இரண்டு வருடமாக கேக் செய்து விற்கிறார். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக ஆர்டர் வருகிறது. மாதம் 22,000 முதல் 25,000 ரூபாய் வரை விற்பனை. டிசம்பரில் ராயபுரம், காசிமேடு பக்கமிருந்து ப்ளம் கேக் ஆர்டர் குவிவதால் அது இரண்டு மடங்காகும்.

போன மாதம் சௌகார்பேட்டையில் ஒரு குடும்பம் வீட்டு விசேஷத்துக்கு 3 கிலோ எக்லெஸ் (முட்டை சேர்க்காத) கேக் வாங்கியது. விசேஷம் முடிந்த பிறகு, இவர் முட்டை கேக்கும் செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியவந்திருக்கிறது. "100 சதவீதம் ப்யூர் வெஜ்னு ஸ்டேட்டஸ் போட்டீங்களே" என்று கோபப்பட்டு, மீதி 2,500 ரூபாயைத் தர மறுத்து, உணவு பாதுகாப்புத் துறையில் புகார் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

பயந்துபோன சகோதரி நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். ஒரு ஏஜென்ட் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுத் தொழில் பதிவு), ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு), ஐஎஸ்ஓ (தரச் சான்று) எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் 'பேக்கேஜ்' என்கிறார். பெரம்பூரில் கேக் செய்யும் தோழி, "என் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரையே உன் பெட்டியில போட்டுக்கோ" என்கிறார். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர், வீட்டைத் தொழிற்சாலை ஆக்கிவிட்டதாகச் சொல்லி அடுத்த மாதமே காலி செய்யச் சொல்கிறார். "வீட்டில் செய்வதற்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். என்னை ஜெயிலில் போடுவார்களா? விட்டுவிடுவதா, கடன் வாங்கி ஒரு கடை எடுப்பதா?" என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த ஜெயில் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் எதற்கும் நாளைக் காலையில் போலீஸ் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால், வீட்டில் செய்தால் சட்டம் பொருந்தாது என்று நீங்கள் நினைத்தது தவறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தயாரிப்பது, சேமிப்பது, விற்பது எல்லாவற்றையும் உணவுத் தொழில் என்றே சொல்கிறது. கடையா வீடா என்று அது பார்ப்பதில்லை. உங்களைப் போன்ற சிறு தயாரிப்பாளர்களுக்கு 31-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு உரிமத்திலிருந்து விலக்குத் தருகிறது. அதே வாக்கியத்தில் 'பதிவு செய்துகொள்ள வேண்டும்' என்றும் சொல்கிறது. உரிமம் இல்லாமல் தொழில் நடத்துவோருக்கான தண்டனையைச் சொல்லும் 63-வது பிரிவு, இந்தச் சிறு தயாரிப்பாளர்களை வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. அதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள்.

பதிவு: ஏஜென்ட் தேவையில்லாத வேலை

ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களைச் சிறு தயாரிப்பாளர் என்று 2011 விதிமுறைகள் வகுத்தன. உங்கள் கணக்கை டிசம்பரையும் சேர்த்துப் போட்டாலும் 3 லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. ஃபாஸ்காஸ் என்ற எஃப்எஸ்எஸ்ஏஐ இணையதளத்தில் 'படிவம் ஏ' நிரப்ப வேண்டும். போட்டோ, அடையாள அட்டை, கேக் செய்யும் இடத்தின் முகவரி ஆகியவைதான் அடிப்படை. கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மொபைலில் செய்யத் தடுமாற்றமாக இருந்தால் பக்கத்து பொதுச் சேவை மையத்தில் சொல்லிச் செய்யலாம்.

விண்ணப்பித்த 7 நாளில் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும். ஆய்வு என்றால் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். இந்தக் கெடுவுக்குள் எதுவுமே நடக்காவிட்டால் நீங்கள் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது; பிறகு அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்துகொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 14 இலக்கப் பதிவு எண் கையில் வந்ததும் சான்றிதழை அச்செடுத்து, கேக் வாங்க வருபவர் கண்ணில் படும்படி மாட்டிவிடுங்கள். பில் கொடுத்தால் அதிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

இப்போது அந்த 15,000 ரூபாய் பேக்கேஜுக்கு வருவோம். உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம், பிற்பாடு சிறுதொழில்களுக்கான முத்ரா கடனுக்குப் போகும்போது உதவும். ஐஎஸ்ஓ சான்று உங்கள் தொழிலுக்குச் சட்டம் கேட்பதே இல்லை. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெங்களூரில் இருக்கும் உங்கள் அக்காவின் தோழிகளுக்கு பிரவுனியை கூரியரில் அனுப்பி விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் 40 லட்சம் என்ற வரம்பு உங்களைக் காப்பாற்றாது, ஒரு டப்பா விற்றாலும் பதிவு கேட்கும். இப்போதைக்கு அந்த ஆர்டர்களை நிறுத்திவிடுங்கள். ஆக, அந்த ஏஜென்ட் பட்டியலில் இன்று உங்களுக்குக் கட்டாயம் என்று மிஞ்சுவது 100 ரூபாய் பதிவு மட்டும்தான். வயிற்றுப்பாட்டுக்குத் தொழில் செய்யும் பெண்களிடம் பயத்தைக் காட்டி இப்படிப் பணம் பறிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

தோழியின் எண்ணைப் போட்டுக்கொள்ளவே கூடாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பதிவு அவருக்கும் அவருடைய பெரம்பூர் முகவரிக்கும் உரியது. யார் வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். வேறு பெயரும் வேறு தெருவும் வந்தால் உங்கள் பெட்டியில் இருப்பது பொய்த் தகவல் ஆகிவிடும். தவறான லேபிளுக்கு 52-வது பிரிவு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அவருடைய பதிவும் ஆபத்தில் விழும்.

சௌகார்பேட்டை ஆர்டரில் நடந்தது என்ன

உங்கள் கடிதம் முழுக்க லைசென்ஸ் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். என் கணிப்பில் உங்களுக்குப் பெரிய ஆபத்து அதில் இல்லை. வாடிக்கையாளரிடம் நீங்கள் என்ன சொல்லி விற்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

நீங்கள் கொடுத்த கேக்கில் முட்டை இல்லை. அந்த அளவில் அது சைவ கேக்தான். பச்சை வட்டக் குறி போட்டிருந்தாலும் தவறில்லை. சிக்கல் '100 சதவீதம் ப்யூர் வெஜ்' என்ற வார்த்தையில் வந்தது. சமண, மார்வாடிக் குடும்பங்கள் பல அந்த வார்த்தையை, முட்டையே நுழையாத அடுப்படி என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேக்கைப் பற்றிச் சொன்னீர்கள், அவர்கள் சமையலறையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்கள். விளம்பரத்தில் சொன்னது வாங்குபவரைத் தவறாக எண்ணவைத்தால் அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. உணவுச் சட்டத்தின் 53-வது பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்காதீர்கள், அதுவும் விளம்பரம்தான். உங்கள் அளவில் அவ்வளவு பெரிய தொகை விதிக்க வாய்ப்பு மிகக் குறைவு. விற்பனையில் கிடைத்த ஆதாயம், தவறு திரும்பத் திரும்ப நடந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49-வது பிரிவு சொல்கிறது.

அந்த 2,500 ரூபாயைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. கேட்ட எக்லெஸ் கேக்கைக் கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் அதைக் கேட்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்டது பண நஷ்டம் அல்ல, மனவருத்தம். "கேக்கில் முட்டை சேர்க்கவில்லை. ஆனால் அதே சமையலறையில் முட்டை கேக்கும் செய்கிறேன் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும். மீதித் தொகை வேண்டாம்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அன்றே அந்த ஸ்டேட்டஸ் வாசகத்தை எடுத்துவிடுங்கள். இனி 'எக்லெஸ் கேக் கிடைக்கும். இதே கிச்சனில் முட்டை கேக்கும் செய்கிறோம்' என்று எழுதுங்கள். சில ஆர்டர் போகும். போகட்டும்.

எக்லெஸுக்குத் தனி டின், தனி பீட்டர், தனி ஸ்பேட்டுலா வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பேக்கிங் சாமான் வாங்கும்போது ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எக்லெஸ் என்று சொல்லி விற்கும் மூஸில் ஜெலட்டின் இருந்தால் அது சைவமே இல்லை.

அவர்கள் புகார் கொடுத்தே விட்டால்? உணவு பாதுகாப்பு அலுவலர் வந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், மரியாதையாக உள்ளே விடுங்கள், சமையலறையைக் காட்டுங்கள். மாதிரி எடுத்தால் அதற்கான விலையைத் தந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குறை இருந்தால் 32-வது பிரிவின் கீழ் திருத்த அறிவிப்பு தருவார். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் கொடுக்க வேண்டும். ரசீது இல்லாமல் கையில் பணம் வாங்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

பெட்டி மேல் என்ன எழுத வேண்டும்

டீக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் முன்கூட்டியே பேக் செய்து கொடுக்கும் ப்ளம் கேக், பிரவுனி, குக்கீஸ் எல்லாவற்றுக்கும் 2020-இன் லேபிள் விதிமுறைகள் பொருந்தும். பொருளின் பெயர், அதிகமாகச் சேர்த்ததிலிருந்து குறைவாகச் சேர்த்தது வரை வரிசைப்படி பொருட்கள், நிகர எடை, உங்கள் பெயர் முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் எண்ணும், பேட்ச் எண், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு போன் நம்பர். லேபிளை முழுக்கத் தமிழிலேயே அச்சடித்திருப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள், எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் விதிப்படி ஆங்கிலத்திலோ இந்தியிலோ இந்த விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகத்தான் போடலாம்.

முட்டை சேர்த்த கேக்குக்கு எந்தக் குறியும் போடாமல் விட்டிருக்கிறீர்கள். முட்டை இருந்தால் அது அசைவக் கணக்கு: சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். அசைவப் பொருள் முட்டை மட்டும்தான் என்றால் அதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வாமை வரியை விட்டுவிடாதீர்கள். கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகைகள், சோயா ஆகியவை இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் அந்த ஒரு வரிதான் அதன் உயிரைக் காக்கிறது. ஆர்டருக்குச் செய்து கையோடு கொடுக்கும் பிறந்தநாள் கேக்குக்கு இவ்வளவும் வேண்டுமா என்று வாதாட இடமுண்டு. நான் வாதாட மாட்டேன். பொருட்கள், ஒவ்வாமை, தேதி, குறி, பதிவு எண் இருக்கும் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை அதிலும் ஒட்டிவிடுங்கள். கிலோ கணக்கில் விற்பதால் எடை மெஷினுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரையும் வேண்டும்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை தந்தது. நாட்டுச்சர்க்கரை போட்ட கேழ்வரகு கேக்கை 'சுகர் ஃப்ரீ, சுகர் பேஷன்ட்ஸ் சாப்பிடலாம்' என்று விற்கிறீர்கள். 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்த வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது. நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். உங்களை நம்பி ஒரு பெரியவர் இரண்டு துண்டு சாப்பிட்டு மயங்கி விழுந்தால், லைசென்ஸ் இருந்தும் பயனில்லை. 'நாட்டுச்சர்க்கரை சேர்த்த கேழ்வரகு கேக்' என்று உள்ளதை எழுதுங்கள். அதற்கும் ஆள் வாங்குவார்கள்.

வீட்டுக்காரர், கரண்ட், சிலிண்டர்

அடுத்த மாதமே காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, நீங்களாகக் காலி செய்யாவிட்டால் வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி நெருக்கவும் முடியாது. ஆனால் வாய்ப்பேச்சில் முடித்த வாடகை என்கிறீர்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாதது உங்களுக்குப் பலவீனம்.

அவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். மீட்டர் அவர் பெயரில் இருக்கிறது. வீட்டு இணைப்பும் அதில் வரும் 100 யூனிட் இலவசமும் குடியிருப்புக்கு உரியவை. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாக மின்வாரியம் முடிவு செய்தால், மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடலாம். அந்தப் பில் அவர் பெயருக்குத்தான் வரும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, ஓவனின் வாட் அளவைச் சொல்லி, எந்தக் கட்டண வகை, தனி இணைப்பு வேண்டுமா என்று கேளுங்கள். கூடுதல் கரண்ட் செலவை நீங்கள் ஏற்பதாக வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பிறகு 'குடியிருப்புடன் சிறிய அளவில் கேக் தயாரிப்பும்' என்று ஒரு வரி சேர்த்து எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். சண்டை போடுவதைவிட இது சீக்கிரம் முடியும்.

காஸ் அடுப்பில் செய்யும் வேலைக்கு வீட்டு சிலிண்டரை எடுக்காதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும், தொழிலுக்கு வணிக சிலிண்டர்தான். மாநகராட்சியின் தொழில் உரிமம் உங்கள் அளவுக்குத் தேவையா என்பதைத் உங்கள் பகுதிக்கான மண்டல அலுவலகத்தில் மனுவாக எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

டிசம்பருக்கு முன்னால்

ப்ளம் கேக்கோடு வீட்டில் போட்ட க்ரேப் வைனும் கேட்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். உரிமம் இல்லாமல் வைன் தயாரித்து விற்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஜெயில் என்று நீங்கள் பயப்பட வேண்டியது உங்கள் கடிதத்திலேயே இந்த ஒன்றுக்குத்தான். ப்ளம் கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறவைத்தால் அதை லேபிளில் எழுதுங்கள், ஆர்டர் எடுக்கும்போதே வாயாலும் சொல்லுங்கள். மண்ணடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிடமிருந்தும் உங்களுக்கு ஆர்டர் வருகிறது. அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆரஞ்சு சாறில் ஊறவைத்துத் தனியாகச் செய்யலாம். கேக்கை பிளாஸ்டிக் கேரி பேக்கில் போட்டுக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருக்கிறது. முட்டையைப் பச்சையாகச் சேர்க்கும் மூஸ், திராமிசு வகைகளை இந்த ஊர் வெயிலில் விற்க வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

கடைசியாக, கடை எடுப்பதா என்ற கேள்வி. இப்போது வேண்டாம். 25,000 ரூபாய் விற்பனையில் மாவு, வெண்ணெய், க்ரீம் செலவு போக நிற்பதைக் கணக்குப் பாருங்கள். கடை வாடகை, அட்வான்ஸ், வணிகக் கட்டணத்தில் கரண்ட், கடன் தவணை எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். உங்கள் கணவருக்கு லோடு இல்லாத வாரத்தில் வீட்டைத் தாங்குவது இந்தப் பணம்தானே. தொழிலை விட்டுவிடவும் வேண்டாம். முதலில் பதிவு, பிறகு லேபிள், அப்புறம் வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் என்று இந்த வரிசையில் போங்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் க்ரீமுக்கும் முட்டைக்கும் தனியாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்குங்கள். தினசரி விற்பனையை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். விற்பனை தொடர்ந்து ஏறி வந்தால், பதிவுக்கான வரம்பு அன்றைக்கு எவ்வளவு என்று தளத்தில் பார்த்து, அதை நெருங்குகிறீர்களா என்று கவனியுங்கள். நெருங்கினால், பதிவுக்கு அடுத்த படியான மாநில உரிமத்தையும் கடையையும் சேர்த்தே யோசிக்கலாம்; அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்கும் போகலாம்.